கல்லடைப்பு: வலி வந்த ராத்திரியில் என்ன செய்வது, திரும்ப வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது

நான் பள்ளிபாளையத்துக்காரன். விசைத்தறி ஓட்டுவதுதான் தொழில். ஆறு தறிக்கு ஒரு ஆள். இழை அறுந்தால் ஓடிப்போய் முடிச்சுப் போட வேண்டும், தார் (ஊடை நூல் சுற்றிய கட்டை) தீர்ந்தால் மாற்ற வேண்டும். பஞ்சு பறக்கும் என்று எங்கள் தறிக் குடோனில் ஃபேன் போடுவதில்லை. சித்திரை மாதத்தில் மேலே சிமெண்ட் ஓட்டின் வெக்கை, கீழே மோட்டார் சூடு. போட்டிருக்கும் பனியனை அரைமணி நேரத்தில் பிழிந்து எடுக்கலாம். பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் நான் குடித்தது ஐந்து டீயும் இரண்டு சொம்புத் தண்ணீரும். காலையில் வீட்டில் ஒண்ணுக்குப் போனால், அப்புறம் சாயங்காலம்தான். பல வருடம் இப்படியே ஓடியது.

இரண்டு முறை சிறுநீரகக் கல் வந்தது. 2016-ல் வந்தது தானாக விழுந்தது. 2019-ல் வந்ததை லேசர் வைத்து உடைத்து எடுத்தார்கள். அதற்கப்புறம் வரவில்லை. எங்கள் பக்கம் தறிக்காரர், சாயப்பட்டறைக்காரர், லாரி ஓட்டுகிறவர் என்று யாரிடம் பேசினாலும் வீட்டுக்கு ஒருவருக்காவது இந்த வலி வந்திருக்கிறது. ஆளுக்கு ஒரு வைத்தியம் சொல்கிறார்கள். அதில் சிலது உயிருக்கே ஆபத்தானது. அதனால் நான் பட்டதையும், டாக்டர்களிடம் விடாமல் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன்.

வலி வந்த ராத்திரி

ராத்திரி இரண்டரை மணி இருக்கும். வலது விலாவுக்குக் கீழே, முதுகுப் பக்கம், யாரோ உள்ளே கையை விட்டு முறுக்குவது போல இருந்தது. வாயுப் பிடிப்பு என்று நினைத்து வீட்டில் பெருங்காயம் கரைத்துக் கொடுத்தார்கள். பத்து நிமிடத்தில் வலி முன்பக்கமாக இறங்கி அடிவயிற்றுக்கு வந்து, அங்கிருந்து விரை வரை இழுத்தது. இரண்டு முறை வாந்தி. படுத்தால் உட்காரத் தோன்றியது, உட்கார்ந்தால் நடக்கத் தோன்றியது. திண்ணையில் கையை ஊன்றிக் குனிந்து நின்றேன். அதுவும் ஒரு நிமிடம்தான்.

இந்த நிலைகொள்ளாமைதான் கல் வலியின் அடையாளம் என்று பிறகு டாக்டர் சொன்னார். குடல்வால் அழற்சி வந்தவர் அசைந்தால் வலிக்கும் என்று சுருண்டு படுத்துக் கிடப்பார். கல் அடைத்தவருக்கு எப்படி இருந்தாலும் வலிக்கும், அதனால் புரண்டுகொண்டே இருப்பார். அலை அலையாக வரும். நடுவில் விட்டது போல இருந்து திரும்பப் பிடிக்கும்.

காரணம் எளிது. சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாய் 25 செ.மீ. நீளம் இருக்கும், உள்விட்டம் 3, 4 மி.மீ.தான். அதில் மூன்று இடங்கள் இன்னும் குறுகல்: சிறுநீரகத்தை விட்டுக் கிளம்பும் இடம், பெரிய ரத்தக்குழாயைத் தாண்டும் இடம், பைக்குள் நுழையும் இடம். சிறுநீரகத்திலேயே கிடக்கும் கல் பெரும்பாலும் வலிப்பதில்லை. குழாயில் இறங்கி, இந்த மூன்றில் ஒன்றில் மாட்டினால் மேலே நீர் தேங்கிச் சிறுநீரகம் வீங்கும். அந்த வீக்கமும், குழாய் இறுகி இறுகிக் கல்லைத் தள்ளப் பார்ப்பதும்தான் வலி. கல் கீழே வர வர வலியும் இடம் மாறும். பைக்குப் பக்கத்தில் வந்துவிட்டால், அடிக்கடி ஒண்ணுக்கு வருவது போலவும் நீர்க்கடுப்பு போலவும் இருக்கும். சிறுநீர் டீத்தண்ணி நிறத்திலோ சிவப்பாகவோ போனாலும் போகும்.

அந்த நேரத்தில் பலர் செய்வது, மடமடவென்று மூன்று நான்கு லிட்டர் தண்ணீர் குடிப்பது. நானும் குடித்தேன். வேண்டாம். அடைப்புக்கு மேலே இன்னும் நீர் சேர்ந்து வலி கூடும். கல்லை அது தள்ளிவிடாது. தாகத்துக்குக் குடித்தால் போதும். வெந்நீர்ப் பையை விலாவில் வைத்தால் கொஞ்சம் இதம். மருந்தில் முதலில் கொடுப்பது டைக்ளோஃபெனாக் போன்ற வலி நிவாரணிதான்; வாந்தி இருப்பதால் ஊசியாகப் போடுவார்கள். ஆனால் வயிற்றுப்புண் இருப்பவர், சிறுநீரகம் ஏற்கனவே பழுதானவர், கர்ப்பிணி ஆகியோர் அந்த மாத்திரையைத் தானாக வாங்கி விழுங்கக் கூடாது.

வாழ்க்கையில் முதல்முறை இப்படி வலித்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம், போய்க் காட்டுங்கள். வலது பக்கம் என்றால் குடல்வாலாக இருக்கலாம். பெண்களுக்குக் கருக்குழாயில் தங்கிய கருவாகக்கூட இருக்கலாம்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். கல் வலியோடு குளிர்காய்ச்சல் வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது. எங்கள் அத்தைக்குச் சர்க்கரை உண்டு. இரண்டு நாளாக இடுப்பு வலி என்று கஷாயம் குடித்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் சாயங்காலம் போர்வை போர்த்தியும் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது, பேச்சு குழறியது. கொண்டுபோனபோது ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. அடைபட்ட சிறுநீரகத்தில் சீழ் பிடித்திருந்தது. கல்லை அன்றைக்கு அவர்கள் தொடவே இல்லை. முதலில் ஒரு குழாய் வைத்துத் தேங்கியதை வடித்தார்கள், ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். கல்லை எடுத்தது இரண்டு வாரம் கழித்து. இன்னும் அரைநாள் போயிருந்தால் அத்தை இல்லை.

காய்ச்சலைப் போலவே, சிறுநீர் சுத்தமாக வராமல் நின்றுபோனாலும், ஒரே ஒரு சிறுநீரகம்தான் இருக்கிறது என்றாலும், கர்ப்பமாக இருந்தாலும், தண்ணீர்கூட வயிற்றில் தங்காமல் வாந்தி எடுத்தாலும் நேராக மருத்துவமனைதான்.

ஸ்கேனில் என்ன பார்ப்பது

முதலில் சாதாரண வயிற்று ஸ்கேன் எடுப்பார்கள். சிறுநீரகம் வீங்கியிருக்கிறதா என்பது அதில் நன்றாகத் தெரியும். குழாயின் நடுவில் மாட்டிய கல் சில சமயம் தெரியாது. துல்லியமாகப் பார்க்க, மருந்து ஏற்றாத சி.டி. ஸ்கேன். எக்ஸ்ரேயில் யூரிக் அமிலக் கல் தெரியாது. எனவே எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்று கல் இல்லை என முடிவு கட்டிவிட முடியாது.

ரிப்போர்ட்டில் மூன்று விஷயம் கேளுங்கள்: கல் எத்தனை மி.மீ., எந்த இடத்தில், மேலே வீக்கம் எவ்வளவு. 5 மி.மீ.க்குள் என்றால் பெரும்பாலும் தானாக விழும். 10 மி.மீ.க்கு மேல் தானாக வருவது அரிது. நடுவில் இருப்பது இரண்டுங்கெட்டான். எனக்கு 6 மி.மீ., பைக்குள் நுழையும் வாயில். வலி அடங்கி, காய்ச்சல் இல்லாமல், கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) சரியாக இருந்தால் நான்கு முதல் ஆறு வாரம் வரை பார்க்கலாம் என்றார்கள். குழாயைத் தளர்த்த டாம்சுலோசின் கொடுத்தார்கள். அதைச் சாப்பிடும்போது படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். மெதுவாக எழ வேண்டும்.

அந்த நாட்களில் ஒண்ணுக்குப் போகும்போதெல்லாம் டீ வடிகட்டியைப் பிடியுங்கள். வீட்டில் புதிதாக ஒன்று வாங்கி எனக்கென்று கழிப்பறை ஆணியில் மாட்டிவிட்டார்கள். பத்தொன்பதாம் நாள் காலையில் ஒரு சின்னச் சுரீர். வடிகட்டியில் டிக் என்று சத்தம். கருப்பும் பழுப்புமாக, மிளகு அளவில், மேலெல்லாம் முள் முள்ளாக. விரலில் வைத்துப் பார்த்தேன். இதுவா என்னை அப்படிப் படுத்தியது என்று நம்பவே முடியவில்லை. அதை மருந்து டப்பாவில் போட்டு லேபுக்குக் கொடுத்தேன். கால்சியம் ஆக்சலேட் என்று வந்தது. பத்தில் எட்டுப் பேருக்குக் கால்சியம் சேர்ந்த கல்தான். சிலருக்கு யூரிக் அமிலம், சிலருக்குக் கிருமித் தொற்றால் வரும் கல், மிக அரிதாகப் பரம்பரையாக வரும் சிஸ்டின் கல். எந்த வகை என்று தெரிந்தால்தான் எதை மாற்றுவது என்று தெரியும். அதனால் விழுந்த கல்லைச் சாக்கடையில் விட்டுவிடாதீர்கள்.

வலி நின்றுவிட்டால் கல் போய்விட்டது என்று அர்த்தமில்லை. பக்கத்துக் குடோன்காரர் ஒருவருக்குப் பத்து நாளில் வலி நின்றது, அதோடு விட்டுவிட்டார். இரண்டு வருடம் கழித்து வேறு எதற்கோ ஸ்கேன் எடுத்தபோது, கல் அங்கேயே இருந்து இடது சிறுநீரகம் வேலை செய்யாமல் சுருங்கிப்போயிருந்தது. விழுந்ததைக் கண்ணால் பார்க்கவில்லையென்றால் மறு ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும்.

பாலை நிறுத்தினேன், கல் திரும்ப வந்தது

கால்சியம் கல் என்றதும் ஊரில் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்: பால், தயிர், மோர் எல்லாவற்றையும் விடு. மூன்று வருடம் விட்டேன். 2019 ஐப்பசியில் இன்னொரு கல், 11 மி.மீ., இடது பக்கம்.

அப்போது பார்த்த டாக்டர்தான் இதை விளக்கினார். கீரை, பருப்பு, டீ இவற்றிலிருந்து ஆக்சலேட் என்ற உப்பு வருகிறது. சாப்பாட்டோடு தயிரோ மோரோ இருந்தால் அதிலிருக்கும் கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியே போய்விடும். பாலை நிறுத்தினால் பிடிக்க ஆள் இல்லாத ஆக்சலேட் ரத்தத்தில் ஏறி, சிறுநீரில் இறங்கி, அங்கே கல்லாகும். இத்தாலியில் அடிக்கடி கால்சியம் கல் வந்த 120 ஆண்களை இரண்டு பிரிவாக்கி ஐந்து வருடம் கவனித்து, 2002-ல் முடிவை வெளியிட்டார்கள். கால்சியத்தைக் குறைத்துச் சாப்பிட்ட 60 பேரில் 23 பேருக்குக் கல் திரும்ப வந்தது. பால் பொருட்களை வழக்கம்போல் சாப்பிட்டு, உப்பையும் கறியையும் குறைத்த 60 பேரில் 12 பேருக்குத்தான் வந்தது. இந்தக் கணக்கைக் கேட்ட அன்று மத்தியானமே மோர் ஊற்றிச் சாப்பிட்டேன். கால்சியம் மாத்திரை என்றால் கதை வேறு. அதை டாக்டர் சொன்னால் மட்டும், சாப்பாட்டோடு சேர்த்துத்தான்.

11 மி.மீ. தானாக வராது. வழிகள் இவை: வெளியிலிருந்து அதிர்வலை கொடுத்து உடைப்பது (1980-ல் ஜெர்மனியின் மியூனிக்கில்தான் முதல் நோயாளிக்குச் செய்தார்கள்), சிறுநீர் வழியாகவே மெல்லிய கருவியை விட்டு லேசரால் உடைப்பது, 2 செ.மீ.க்கு மேல் பெரிய கல் என்றால் முதுகில் சிறு துளை போட்டு எடுப்பது. எது என்பதைக் கல்லின் அளவும் இடமும் கடினமும் முடிவு செய்யும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருப்பவர்கள், அந்த மருத்துவமனையில் இந்தச் சிகிச்சைக்கு அது செல்லுமா என்று சேர்வதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். எனக்கு லேசர். மறுநாள் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஆனால் உள்ளே ஒரு டி.ஜே. ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். இரண்டு முனையும் சுருண்ட மெல்லிய குழாய். கல்லுடைத்த இடம் வீங்கி அடைக்காமல் இருக்க. அது இருக்கும்வரை அடிக்கடி ஒண்ணுக்கு வரும், போகும்போது விலாவில் சுண்டும், சிறுநீர் லேசாகச் சிவக்கும். அது வழக்கம்தான், பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது அதை மறப்பதற்கு. வலி போய்விட்டது, வேலைக்கும் போயாகிவிட்டது என்று திரும்பப் போகாமல் விட்டால் அந்தக் குழாயின்மீதே கல் படியும். மாதக்கணக்கில் விட்டால் அதை எடுப்பதே ஒரு பெரிய ஆபரேஷன் ஆகிவிடும், சிறுநீரகமும் போகலாம். டிஸ்சார்ஜ் சீட்டில் ஸ்டென்ட் என்ற சொல் இருக்கிறதா என்று வீட்டில் படிக்கத் தெரிந்த ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். எடுக்க வேண்டிய தேதியை எங்கள் வீட்டு நாள்காட்டியில் என் மகள் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் வட்டம் போட்டு வைத்தாள். அன்றைக்கே போனேன், மரத்துப்போகும் ஜெல் தடவி ஐந்து நிமிடத்தில் எடுத்தார்கள்.

ஒருநாள் கேனில் பிடித்துப் பாருங்கள்

கல் ஒருமுறை வந்தால் பத்து வருடத்துக்குள் ஏறக்குறையப் பாதிப்பேருக்குத் திரும்ப வரும். அதைத் தடுக்க மிகப் பெரிய மருந்து தண்ணீர். இது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு என்பதில்தான் கணக்குத் தவறுகிறது.

முதல் கல் விழுந்த பிறகு நான் தினமும் இரண்டரை லிட்டர் அளந்து குடித்தேன். அப்படியும் வந்ததே என்று டாக்டரிடம் வருத்தப்பட்டேன். அவர் சொன்னார்: குடிப்பதை அளக்காதீர்கள், போவதை அளங்கள். ஐந்து லிட்டர் எண்ணெய்க் கேனைக் கழுவி எடுத்துக்கொண்டேன். காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரை விட்டுவிட வேண்டும். அதற்கப்புறம் போவதெல்லாம் கேனில், மறுநாள் காலை முதல் சிறுநீர் வரைக்கும். குடோனுக்கும் கேனைக் கொண்டுபோய் மறைவாக வைத்தேன். மறுநாள் அளந்தால் 900 மில்லி. குடித்த இரண்டரை லிட்டரில் பெரும்பகுதி வியர்வையாகப் போயிருக்கிறது. கல் வந்தவருக்குச் சிறுநீரே ஒரு நாளைக்கு இரண்டரை லிட்டர் போக வேண்டும். எனக்குப் புத்தி வந்தது அந்தக் கேனைப் பார்த்துத்தான்.

இப்போது சித்திரையில் நான்கரை லிட்டர் வரை குடிக்கிறேன், மார்கழியில் மூன்று போதுமாக இருக்கிறது. ஏ.சி. அறையில் உட்காருகிறவருக்கும் வெயிலில் கொத்து வேலை பார்க்கிறவருக்கும் ஒரே அளவு சொல்ல முடியாது. அவரவர் கேன்தான் சொல்லும். தினமும் கேன் வேண்டாம், பருவம் மாறும்போது ஒருமுறை போதும். மற்ற நாட்களில் நிறத்தைப் பாருங்கள்: வெளிறிய வைக்கோல் நிறம் என்றால் சரி, அடர்மஞ்சள் என்றால் உடனே ஒரு சொம்பு. ராத்திரிதான் சிறுநீர் அதிகம் கெட்டியாகும். படுக்கப் போகும்போது ஒரு டம்ளர், நடுவில் ஒண்ணுக்கு எழுந்தால் இன்னொரு டம்ளர். இதய பலவீனம் உள்ளவர்களும், சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்களும் மட்டும் டாக்டரைக் கேட்காமல் இப்படிக் குடிக்கக் கூடாது.

எங்கள் ஊரில் போர் தண்ணீர் உப்பாக இருக்கும். அந்த உப்புதான் கல்லாகிறது என்று எல்லோரும் தண்ணீர்மேல் பழியைப் போடுகிறார்கள். நான் பார்த்தவரை, வாய்க்கு ருசிக்கவில்லை என்று குறைவாகக் குடிப்பதுதான் அதில் பெரிய கெடுதல். காவிரித் தண்ணீரோ கேன் தண்ணீரோ, எது தொண்டையில் இறங்குகிறதோ அதைக் குடியுங்கள்.

தட்டில் மாற்ற வேண்டியது

முதலில் உப்பு. உடம்பு உப்பை வெளியேற்றும்போது கூடவே கால்சியத்தையும் சிறுநீரில் இழுத்துக்கொண்டு போகும். நாளுக்கு மொத்தமாக ஒரு டீஸ்பூன் உப்புக்குள் இருக்க வேண்டும். குழம்பில் குறைத்தால் மட்டும் பத்தாது; ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு, டீக்கடை மிக்சர் இவற்றில்தான் உப்பு ஒளிந்திருக்கிறது. நான் மோர்மிளகாயை விட்டேன். கஷ்டமாகத்தான் இருந்தது.

அடுத்து கறி. ஆட்டுக்கறியோ பிராய்லரோ முட்டையோ மீனோ, அளவு மீறினால் சிறுநீர் அமிலமாகும். கல்லைத் தடுக்கும் சிட்ரேட் குறையும். யூரிக் அமிலக் கல் உள்ளவர்கள் ஈரல், குடல் பக்கம் போகவே வேண்டாம். வாரத்தில் ஒருநாள், உள்ளங்கை அளவு என்று வைத்துக்கொண்டேன்.

ஆக்சலேட்டில் பெரிய ஆள் பசலைக்கீரை. பீட்ரூட், பாதாம், முந்திரி, கடுங்காப்பி போலக் குடிக்கும் பால் இல்லாத டீ இவற்றையும் குறைக்கலாம். தக்காளியை ஒதுக்கச் சொல்வார்கள். அதில் ஆக்சலேட் கொஞ்சம்தான், எனவே தாராளமாகச் சாப்பிடுங்கள். விட்டமின் சி மாத்திரையைச் சத்துக்கு என்று தினமும் 1000 மி.கி. விழுங்குகிறவர்கள் நிறுத்திவிடுங்கள், உடம்பில் அது ஆக்சலேட்டாக மாறும். எலுமிச்சையில் சிட்ரேட் இருக்கிறது. தினம் ஒரு பழத்தைத் தண்ணீரில் பிழிந்து, உப்புப் போடாமல் இரண்டு வேளையாகக் குடிக்கிறேன்.

வாழைத்தண்டு, கொள்ளு, சிறுபீளை பற்றிக் கேட்பீர்கள். சிறுபீளையை நாங்கள் பூளைப்பூ என்போம். பொங்கலுக்கு ஆவாரம்பூ, வேப்பிலையோடு சேர்த்துக் காப்புக் கட்டுவோம். கல்லடைப்புக்குச் சித்த மருத்துவத்தில் அதற்கு மரியாதை உண்டு. வாழைத்தண்டுப் பொரியலையும் கொள்ளு ரசத்தையும் நானும் விரும்பிச் சாப்பிடுகிறேன். ஆனால் கால்சியம் ஆக்சலேட் கல்லை வாய்வழியாகச் சாப்பிட்டுக் கரைக்க எந்த மருந்தும் இல்லை. கரையக்கூடியது யூரிக் அமிலக் கல். அதுவும் பொட்டாசியம் சிட்ரேட் போன்ற மருந்தால், டாக்டர் கணக்குப்படி. 3 மி.மீ. கல் பெரும்பாலும் எதைக் குடித்தாலும் விழும், குடிக்காவிட்டாலும் விழும். 11 மி.மீ. கல்லை வைத்துக்கொண்டு ஆறு மாதம் சாறு குடித்தால் போவது சிறுநீரகம். கல் விழ பீர் குடிக்கலாமா என்று இளவட்டங்கள் கேட்கிறார்கள். ஒண்ணுக்கு அதிகம் போகும், அப்புறம் உடம்பு வறளும், யூரிக் அமிலமும் ஏறும். வேண்டாம் தம்பி.

இரண்டாவது முறை கல் வந்தவர்கள் ரத்தத்தில் கால்சியமும் யூரிக் அமிலமும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கால்சியம் கூடுதலாக இருந்தால் கழுத்திலிருக்கும் பாராதைராய்டு சுரப்பியில் கோளாறு இருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் தண்ணீர் மட்டும் குடித்துப் பயனில்லை.

கடைசியாக, குடோன் வைத்திருக்கும் அண்ணன்மார்களுக்கு ஒன்று. எங்கள் குடோனில் தார் சுற்றுகிற பெண்கள் நான்கு பேர். நான் தண்ணீர் குடிங்கள் என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தேன், யாரும் குடிக்கவில்லை. ஒருநாள் ஒரு அக்காதான் வாய்விட்டுச் சொன்னார்: “குடிச்சா எங்க போறது?” ஆண்கள் பின்பக்கச் சுவரோரம் போய்விடுவோம், அவர்கள் காலையில் வீட்டை விட்டுக் கிளம்பினால் சாயங்காலம் வரை அடக்கிக்கொண்டிருந்தார்கள். அதில் இரண்டு பேருக்கு ஏற்கனவே கல். முதலாளியிடம் நாலைந்து தடவை பேசி, போன வருடம் ஒரு கழிப்பறை கட்ட வைத்தோம். உங்கள் குடோனிலும் கட்டுங்கள். உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கட்டும், குழாயில் தண்ணீர் வரட்டும், தறி ஓடும் இடத்திலிருந்து எட்டு நடையில் இருக்கட்டும். அதற்கப்புறம் தண்ணீர்க் குடத்தைக் கொண்டுவந்து அவர்கள் பக்கத்தில் வையுங்கள்.